மீதமுள்ள தெருக்கள்

சங்கு என்பது அவருடைய பெயரல்ல. ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். நோயாளி இல்லாத வண்டியில் டீ குடிக்கப் போனால்கூடச் சங்கை அலறவிட்டுக்கொண்டுதான் போவார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கட்டிவிட்ட கதையில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கதை பொய் என்பது அவர் கட்சி. ஒரே ஒரு தடவைதான், அதுவும் கடை மூடப் போகிற நேரம் என்று அவரே வாய் தவறிச் சொல்லியிருப்பதால் நாம் அதற்குள் போக வேண்டாம்.

ஊரின் தெருக்கள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எந்தத் தெருவில் வேகத்தடை பெயர்ந்து கிடக்கிறது, எந்தச் சந்தில் ஸ்ட்ரெச்சரைச் சாய்க்காமல் திருப்ப முடியாது, எந்த மாடிப்படியில் முழங்கை இடிக்கும் என்பதெல்லாம் தெரியும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து தெருப் பெயர் பாதி காதில் விழும்போதே ஸ்டியரிங் திரும்பியிருக்கும். அந்தத் திறமைக்குத்தான் போர் முதலில் வேட்டு வைத்தது.

போர் ஒரு மலைமுகட்டுக்காக நடந்தது. அது நம்முடையது என்று நம் அரசு சொன்னது. அவர்களுடையது என்று அவர்கள் அரசு சொன்னது. அங்கே புல்கூட முளைக்காது என்பதில் இரண்டு அரசுகளுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மழைக்கு முன்னால் முடித்துவிடுவோம் என்றார் போர்த்துறை அமைச்சர். மழை வந்து போயிற்று. "எந்த மழைன்னு நான் சொன்னேனா?" என்று அமைச்சர் தொலைக்காட்சியில் கேட்டார். சொல்லவில்லைதான். பேட்டி எடுத்தவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஊரிலிருந்து முதலில் செத்துப்போனவன் ஒரு பஸ் கண்டக்டரின் தம்பி. அவன் பிறந்து வளர்ந்த தெருவுக்கு அவனுடைய பெயரை வைத்தார்கள். பலகையை மூடியிருந்த துணியைக் கண்டக்டரே இழுத்தார். இழுத்த கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் நின்ற சங்குவும் அழுதார். அந்த முதல் பலகையில் ஒரு குறையும் கிடையாது. அது துக்கம், அவ்வளவுதான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வந்த ஜனத்தை நகரமன்றத் தலைவர் கண்ணால் பார்த்துவிட்டார். தேர்தலுக்குக்கூட அவ்வளவு பேர் வந்ததில்லை. மறு வாரமே 'வீரர் தெருப் பெயர்க் குழு' அமைந்தது. குழுவுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு குளிர்சாதனம், குளிர்சாதனத்துக்கு ஒரு பராமரிப்பாளர். விதிகள் வரத் தொடங்கின.

முதல் விதி, பலகையில் வீரரின் பெயர் இருக்கக் கூடாது. பதவி மட்டும் போதும். 'இரண்டாம் படையணி வயர்லெஸ்காரர் தெரு', 'ஐந்தாம் படையணி துணைச் சமையல்காரர் தெரு' என்று எழுதினார்கள். ஏன் என்று ஒரு விதவை கேட்டபோது தலைவர் மேடையிலேயே பதில் சொன்னார்.

"பெயர் போடுவது தனிமனித வழிபாடு. நம் வீரன் தனிமனிதனா? அவன் நாட்டின் சொத்து. நாற்காலிக்கு யாராவது பெயர் வைப்பார்களா?"

பலகையின் கீழ்ப்பாதியில் 'திறந்து வைத்தவர்' என்று தலைவரின் முழுப் பெயரும், பட்டங்களும், அப்பா பெயரும் இருந்தன. தூரத்திலிருந்து அதுதான் படிக்க முடிந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி, ஊரில் இத்தனை தெருக்களுக்குச் சொந்தமான அந்தப் பெரிய வீரர் எந்தச் சண்டையில் செத்தார் என்று விசாரித்து, போலீஸ் நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

இரண்டாவது விதி முட்டுச்சந்துகளைப் பற்றியது. வீரனுக்கு உரிய தெரு எங்கேயும் போய் முட்டி நிற்கக் கூடாது, அது தோல்வி மனப்பான்மை. முட்டுச்சந்தை இடித்து நீட்ட வழியில்லாத இடங்களில், கடைசிச் சுவரின் மேல் தெரு தொடர்ந்து போவது போலப் படம் வரைந்தார்கள். நல்ல ஓவியர்தான். தூரத்தில் ஒரு சூரியோதயமும் போட்டிருந்தார். பால்காரர் ஒருவர் விடிகாலையில் மொபெட்டோடு அந்தச் சூரியனுக்குள் போய் இடித்தார். சங்குதான் அவரை அள்ளிக்கொண்டு போனார். வழியெல்லாம் பால்காரர், "அந்த ரோடு எங்கதாங்க போகுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது விதி சங்குவின் வயிற்றில் நேராக அடித்தது. வீரர் தெருவில் எந்த வண்டியும் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. பின்னால் போவது பின்வாங்கல். ஆம்புலன்ஸ் என்பது வாசலுக்குப் பின்புறத்தைக் காட்டி நிற்க வேண்டிய வண்டி. கதவு அங்கேதான் இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்காமல் அதைச் செய்வதற்கு வண்டியைத் தலையில் தூக்கிவைத்துத்தான் திருப்ப வேண்டும். சங்கு போக்குவரத்துக் காவலரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

"எனக்குப் புரியுதுங்க. ஆனா விதியில 'எந்த வண்டியும்'னு இருக்கு. நீங்க சுத்திக்கிட்டு வாங்களேன்" என்றார் காவலர். நல்ல மனிதர். தானே ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துத் தெருக்கோடி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

இதற்கிடையில் செத்தவர்கள் பெருகினார்கள், தெருக்கள் பெருகவில்லை. குழு சுழற்சி முறையைக் கொண்டுவந்தது. ஒரு வீரருக்கு ஒரு மாதம், பிறகு அடுத்தவர். பதவி உயரமாக இருந்தால் அகலமான சாலை, சிப்பாய் என்றால் சந்து. எதிர்க்கட்சித் தலைவர் கொதித்து எழுந்தார். போரைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஏழை வீட்டுப் பிள்ளை செத்தால் சந்தா? நாங்கள் ஆட்சிக்கு வந்தால் சாகிற ஒவ்வொருவனுக்கும் நாலுவழிச் சாலை! இது உறுதி!"

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

அந்த மாதத்தில்தான் தையற்காரம்மாவின் மாமனாருக்கு மூச்சு முட்டியது. அவள் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். தெருப் பெயர் கேட்டார்கள். "நேத்து வரைக்கும் வயர்லெஸ்காரர் தெரு. காலைல யாரோ வந்து பலகைய மாத்திட்டுப் போனாங்க. நான் இன்னும் வெளிய போய்ப் பாக்கலைங்க" என்றாள். பழைய பெயரைச் சொல்வது வீரரை அவமதிப்பது. கட்டுப்பாட்டு அறையில் பேசுவதெல்லாம் பதிவாகும். அங்கே இருந்த பெண்ணுக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள், வேலை போனால் அதோகதி. அவள் சங்குவைக் கூப்பிட்டுப் பூடகமாகச் சொல்லத் தொடங்கினாள்.

"அண்ணே, அந்தத் தெரு... உசரமா ஒண்ணு நிக்குமே. நாலு காலு. உள்ள குடிக்கிறது இருக்கும்."

"சாராயக் கடையா?"

"ஐயோ, இல்லண்ணே. நல்ல குடி. நாம எல்லாரும் குடிக்கிறது."

"டீக்கடைத் தெருவா? இதோ போறேன்."

டீக்கடைத் தெருவுக்குப் போய் வீடு வீடாகக் கேட்டு, பிறகு மண்டையில் உறைத்து, தண்ணித்தொட்டித் தெருவுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் ரிவர்ஸ் எடுக்க முடியாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தார். தையற்காரம்மா வாசற்படியில் மாமனாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. "இப்பத்தாங்க" என்றாள். வேறு ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சங்குவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் சங்கு யூனிஃபார்மை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு நகரமன்றத்துக்குப் போனார். ஆணையர் அறையில் உட்காரச் சொன்னார்கள். ஆணையர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்.

"இறந்தவர் எந்தப் படையணி?"

"படையணி இல்லைங்க. தையற்காரம்மாவோட மாமனார். மூச்சுத் திணறி..."

"அப்ப அது இயற்கை மரணம்."

"தெருப் பேரு தெரியாம வண்டி லேட்டானதாலதாங்க செத்தாரு."

"அதத்தான் நானும் சொல்றேன். இயற்கையா லேட்டாயிருக்கு." ஆணையர் பேனாவை மூடினார். "குறை சொல்றது சுலபங்க. யோசனை இருந்தா சொல்லுங்க. தலைவர் யோசனைகளை ரொம்ப மதிப்பார்."

சங்குவிடம் யோசனை இருந்தது. அதுதான் வினை. ராத்தூக்கம் கெட்டு யோசித்து வைத்திருந்தார். பக்கத்து அறையிலிருந்து தலைவரும் வந்து நின்றுகொண்டார்.

"ஊருக்கு வெளியில, செங்கல் சூளைக்குப் பின்னாடி தரிசு கெடக்குதுங்களே, அங்க புதுசா தெருப் போடுங்க. வீடு வேண்டாம், வெறும் தெரு. எவ்வளவு வேணும்னாலும் பேரு வெச்சுக்குங்க. ஜனங்க குடியிருக்கிற தெருவ மட்டும் விட்டுடுங்க ஐயா. புண்ணியமாப் போகும்."

தலைவர் இரண்டு எட்டில் வந்து சங்குவைக் கட்டிப்பிடித்தார். "இத்தனை படிச்சவங்க இருக்கீங்க, ஒருத்தர் வாயிலயாவது இது வந்துச்சா?" என்று ஆணையரைப் பார்த்துக் கேட்டார். ஆணையர் வெட்கப்பட்டார். அன்றைக்கே சங்கு குழுவின் கௌரவ உறுப்பினரானார். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பதக்கம் கொடுத்தார்கள். பேப்பரில் படம் வந்தது. படத்தில் அவர் மட்டும் கண்ணை மூடியிருந்தார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நகரமன்றம் அந்த வேலையைச் சொன்னபடி செய்தது. சாக்கடைக்கு ஒரு மூடி கேட்டால் மூன்று தேர்தலுக்கு இழுக்கிற நகரமன்றம்தான். சூளைக்குப் பின்னால் 'வீரர் விரிவாக்கம்' எழுந்தது. வழவழவென்று தார் போட்ட தெருக்கள், நடைபாதை, விளக்குக் கம்பங்கள், ஒவ்வொரு முனையிலும் பலகை. செத்தவர்களையெல்லாம் முன்வரிசைத் தெருக்களுக்கு மாற்றினார்கள். பின்னால் இன்னும் வரிசை வரிசையாகத் தெருக்கள் கிடந்தன. அவற்றின் பலகைகளில் மேல்பாதி காலி, கீழே திறந்து வைத்தவர் பெயர் மட்டும்.

ஊருக்குள் பழைய பெயர்கள் திரும்பி வந்தன. சங்கு ரிவர்ஸ் எடுத்தார். சும்மாவே இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார். மார்வலிக்காரர் ஒருவரைச் சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அந்த வீட்டார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவருக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அவர் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். போர்முனையிலிருந்து காயம்பட்டவர்களோடு வருகிற போர்வைகளும் அவள் கைக்குத்தான் வரும். ஒருநாள் சங்கு அவளையும் மகனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு விரிவாக்கத்தைக் காட்டக் கூட்டிப்போனார். மகன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். "சூப்பர் ரோடுப்பா" என்றான். மனைவி இறங்கவே இல்லை. கண்ணாடி வழியாகக் காலித் தெருக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்தவங்களுக்கு அந்த முன்னாடி தெருவெல்லாம் போதுமே. மீதி இவ்வளவு எதுக்கு?"

"சும்மா, இருக்கட்டுமேன்னு போட்டிருப்பாங்க."

"சும்மா யாரு போடுவா?" என்றாள். சங்குவுக்கு எரிச்சல் வந்தது. எதிலும் நொட்டை சொல்வதே இவளுக்கு வேலை என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

திறப்பு விழாவுக்குப் போர்த்துறை அமைச்சரே வந்தார். காலித் தெருக்களின் நடுவில் நின்று நாலாபக்கமும் பார்த்தார். குரல் தழுதழுத்தது.

"எத்தனையோ ஊர்களுக்குப் போகிறேன். 'போதும், எங்களிடம் இடமில்லை' என்று கை விரிக்கிறார்கள். இந்த ஊர் மட்டும்தான் இத்தனை தெருக்களைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. இது என்ன சாதாரண நம்பிக்கையா? இந்த நம்பிக்கையை என் அரசு வீணாக்காது. ஒரு தெரு, ஒரு சின்னச் சந்துகூடக் காலியாகக் கிடக்க விடமாட்டேன்!"

கைதட்டினார்கள். சங்குவும் கௌரவ உறுப்பினர் வரிசையில் உட்கார்ந்து தட்டினார். பாதியில் கை நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நிர்வாகம். போர்த்துறை ஊர்களைத் தரம் பிரித்தது. தெருத் தட்டுப்பாடு உள்ள ஊர்கள், தன்னிறைவு பெற்ற ஊர்கள், உபரி ஊர்கள். காலித் தெருக்களின் எண்ணிக்கை எவ்வளவோ, அவ்வளவு ஆள் அந்த ஊரிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது. தொலைக்காட்சியில் ஒரு ஓய்வுபெற்ற தளபதி, வரைபடத்தை வைத்துக்கொண்டு விளக்கினார். "இதற்கு முன்னால் எத்தனை பேரை இழக்கலாம் என்பதற்கு நம்மிடம் அறிவியல்பூர்வமான அளவுகோல் இல்லை. இப்போது இருக்கிறது." எதிர்க்கட்சித் தலைவர் இந்த முறை இன்னும் கோபமாக இருந்தார். "மக்கள் வரிப்பணத்தில் போட்ட தெருக்களைக் காலியாக வைத்திருப்பது யார் குற்றம்? உடனடியாக நிரப்பு! இல்லையேல் பதவி விலகு!"

ஆள்சேர்ப்பு அதிகாரி வந்து நகரமன்ற மாடியில் மேசை போட்டார். கௌரவ உறுப்பினர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். முன்னுரிமை என்றதும், ரேஷனில் கொடுக்கிற மாதிரி ஏதோ என்று சங்கு முதலில் நினைத்தார். மறுநாள் மகனுக்கு உத்தரவு வந்தது.

மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். மடித்து வைத்தாள். "நீதானே இடம் காட்டிக் கொடுத்த" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலைக்குக் கிளம்பிப் போனாள். அன்றைக்கு வந்த போர்வைகளைத் துவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்ததாக அப்புறம் மேற்பார்வையாளர் சொன்னார்.

சங்கு தலைவர் வீட்டுக்கு ஓடினார். தலைவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எனக்கு ஒரே பையன். விட்டுடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

"என்னங்க இது, நீங்க போய்! திட்டமே உங்களோடது. உங்க வீட்டுலேருந்து ஆரம்பிக்கலைன்னா எதிர்க்கட்சிக்காரன் நம்மள சும்மா விடுவானா? நாளைக்கு உங்களத்தான் தூத்துவான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உங்க பையன்..."

"அவன் வெளிநாட்டுல படிக்கிறானே. அவன் பேருல நான் எத்தனை தெரு வேணும்னாலும் குடுக்கத் தயார். ஆனா ஆளு இங்க இல்லையே!" தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். குவளையைக் கீழே வைத்துவிட்டு சங்குவின் தோளில் கை போட்டார். "ஒண்ணு செய்யறேன். மத்தவங்களுக்கெல்லாம் குலுக்கல்ல எது விழுதோ அதுதான். உங்க பையன் அவனுக்குப் பிடிச்ச தெருவ அவனே எடுத்துக்கட்டும். இத நான் யாருக்கும் செஞ்சதில்ல."

மறுநாள் சாயங்காலம் தெரு பார்க்கப் போனார்கள். தலைவர், ஆணையர், சங்கு, மகன். மனைவி வரவில்லை. ஆணையர் ஒவ்வொரு தெருவாகக் காட்டிக்கொண்டு வந்தார். "இது கிழக்குப் பார்த்தது. இது கார்னர், நல்ல டிமாண்ட். இதுல விளக்கு கொஞ்சம் மங்கல், நானா இருந்தா எடுக்க மாட்டேன்." மகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். லிஃப்டைச் சோதிக்கப் போகும்போதும் அவன் அப்படித்தான் நடப்பான்.

"நிழல் இருக்கிற மாதிரி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டான்.

"மரம் வெப்போம் தம்பி. வளந்துடும். அவசரமில்லையே."

ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகச் சங்கு, "எல்லாத் தெருவும் வேலை முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"முடிஞ்சிரும். தெரு முடியாம ஆள முன்னணிக்கு அனுப்ப மாட்டாங்க" என்றார் ஆணையர். "புது உத்தரவு. ஒருத்தருக்கு உரிய மரியாதை தயாரா இல்லாதப்ப அவர சாகக் கூப்பிடறது அநாகரிகம் இல்லீங்களா? அதுவரைக்கும் பின்னாடி கிடங்குல மூட்டை தூக்கிக்கிட்டு இருப்பாங்க. ஆபத்தே இல்லாத வேலை."

சங்கு நின்றார். பிறகு திரும்பித் தரிசின் கடைசி வரைக்கும் விடுவிடென்று நடந்தார். அங்கே ஒரு தெரு ஜல்லி கொட்டினபடி கிடந்தது. நடைபாதை இல்லை, விளக்கு இல்லை, பலகைக்குக் குழி மட்டும் தோண்டியிருந்தார்கள். ஜல்லிக்கு நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது.

"இது. எம் பையனுக்கு இதுதான் வேணும்."

"இதுவா? இது இன்னும் போடவே இல்லையே" என்றார் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு.

"பரவாயில்லைங்க. எங்களுக்கு அவசரமில்ல. ஆறு மாசம் ஆகட்டும். ஒரு வருஷம் ஆகட்டும்."

மகன் அப்பாவைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து ஒரு ஜல்லியை எடுத்துக் கையில் உருட்டியபடி, "ஆமா சார், எனக்கும் இதுதான் பிடிச்சிருக்கு" என்றான்.

தலைவரின் கண்கள் கலங்கின. எத்தனையோ பேர் அகலமான தெரு கேட்டு அவரிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். கிடைத்தது போதும் என்று சொன்ன முதல் குடும்பம் இதுதான். அவர் ஆணையரைப் பக்கத்தில் அழைத்தார்.

"உங்களுக்குன்னா நான் ஆறு மாசம் காக்க வெப்பேனா?" என்றார் சங்குவிடம். பிறகு ஆணையரிடம், "ஏங்க, நாளைக்கே இந்தத் தெருவுக்குத் தார் போட்டாகணும். மத்த வேலையெல்லாம் நிறுத்துங்க."

"வேண்டாங்க!" சங்கு அவசரமாகக் குறுக்கிட்டார். "தாரே வேண்டாம். மண்ணா இருக்கட்டும். நாங்க எளிமையான ஆளுங்க."

"இந்த எளிமைக்குத்தான் ரெண்டு அடுக்குத் தார்" என்றார் தலைவர், அவர் கையைக் குலுக்கியபடி.

மறுநாள் காலையில் பையன்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பேண்டு வாத்தியம் இருந்தது. மகன் ஜன்னலிலிருந்து, "அம்மாவ பாத்துக்கப்பா" என்றான். அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். பஸ் நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் விடவில்லை. சங்கு கீழே விழுந்தவளைத் தூக்கி நிறுத்திவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நேராகச் சூளைக்குப் பின்னால் போனார்.

ரோலர் வந்திருந்தது. தார் கொதிக்கிற வாசனை. அவர் ஆம்புலன்ஸை ஜல்லியின் நடுவில் குறுக்காக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ரோலர்காரர் இறங்கி வந்தார்.

"அண்ணே, உள்ள பேஷன்ட் இருக்காங்களா?"

"இருக்காங்க."

ரோலர்காரர் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். காலி ஸ்ட்ரெச்சர்தான் தெரிந்தது. போய்த் தார் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு வயர்லெஸ் கரகரத்தது.

"அண்ணே, வாய்க்கால் தெரு. மூணாவது வீடு. பிரசவ வலி, பனிக்குடம் உடைஞ்சிருச்சாம். வேற வண்டி இல்லண்ணே. எங்க இருக்கீங்க?"

அவள் மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும். சங்கு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வராதே, வராதே என்று இன்னும் பிறக்காத அந்தப் பிள்ளையை வேண்டிக்கொண்டிருந்தார். பிறகு இத்தனை வருடத்துப் பழக்கம் அவரை மீறிச் சாவியைத் திருப்பியது.

வாய்க்கால் தெருவுக்கு ஏழே நிமிடத்தில் போய்விட்டார். வாசலில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். ஆஸ்பத்திரி கேட் தாண்டும்போது வண்டிக்குள்ளேயே குழந்தை பிறந்துவிட்டது. பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் தங்கை கண்ணாடியைத் தட்டி, "பையன்ணே! பையன்!" என்று கத்தினாள். மற்ற நாளாக இருந்தால் சங்கு ஒரு முறை சங்கை அலறவிட்டிருப்பார். அன்று, சூளைக்குப் பின்னால் இன்னும் எத்தனை தெரு மீதி இருக்கிறது என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை நிறுத்த முடியாமல் அவர் தலையை ஸ்டியரிங்கில் முட்டினார்.

திரும்பி வந்தபோது தெரு முடிந்திருந்தது. இரண்டு அடுக்கு. ஊரிலேயே இவ்வளவு நேர்த்தியாகப் போட்ட தெரு வேறு கிடையாது. ஓரம்கூடக் கயிறு பிடித்த மாதிரி இருந்தது. தாரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. குழியில் பலகை நின்றது. மேல்பாதியில் பென்சிலால் அளவுக்கோடு போட்டு வைத்திருந்தார்கள். ஆணையர் தொலைபேசியில் யாரிடமோ, "ஆமாங்க, தயார்னு போட்டு அனுப்பிடுங்க. படையணிக்குத் தெரிஞ்சா உடனே முன்னணிக்கு மாத்திடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறிப் போனார்.

சங்கு கியர் போட்டார்.

"அண்ணே, ஏத்தாதீங்கண்ணே! தார் காயல! தடம் விழுந்துரும்!" என்று ரோலர்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

ஆம்புலன்ஸ் புதுத் தெருவில் ஏறியது. டயர் புதைந்தது. கருப்பு மாவு மாதிரி தார் இரண்டு பக்கமும் பிதுங்கியது. கோடி வரைக்கும் போய்த் திரும்பினார். மறுபடி வந்தார். ஒரே தடத்தில் போகாமல் ஒவ்வொரு தடவையும் தள்ளித் தள்ளி ஏற்றினார். சங்கு அலறிக்கொண்டே இருந்தது. அதை எப்போது போட்டார் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் வண்டி ஒரு குவியலில் சிக்கி நின்றது. உழுது போட்ட மாதிரி கிடந்தது தெரு.

ரோலர்காரர் செருப்பில் தார் ஒட்ட ஒட்ட நடந்து வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீங்க. நாளைக்கு மறுபடியும் போடச் சொல்லுவாங்களே."

"போடு."

"உங்க வேலை போயிரும்ணே. வண்டியப் புடுங்கிருவாங்க."

"புடுங்கட்டும். அப்ப நடந்து வந்து மிதிக்கிறேன்."

ரோலர்காரர் அவர் முகத்தையே பார்த்தார்.

"எத்தனை நாளைக்குண்ணே?"

சங்கு இறங்கி, பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுத்து, சிக்கிய டயருக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, வண்டியை இன்னொரு முறை கிளப்பினார்.